சந்திக்காத இரண்டு ரயில்கள்

டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன், பாட்டம் ஸ்டேஷன். மூன்றும் போடிநாயக்கனூருக்கு மேலே மலையில் இருக்கும் இடப் பெயர்கள். குரங்கணியிலிருந்து மலையேறப் போகிறவர்களுக்கு முதல் இரண்டும் நன்றாகத் தெரியும். மூன்றாவதைக் கொட்டகுடி என்று சொன்னால்தான் இப்போது புரியும். இவற்றில் எங்கேயும் தண்டவாளம் கிடையாது, பிளாட்பாரம் கிடையாது. ரயில் என்று ஒன்று வந்து நின்றது டாப் ஸ்டேஷனில் மட்டும்தான், அதுவும் 1924-க்கு முன்னால். மற்ற இரண்டும் கம்பியில் தொங்கிக்கொண்டு இறங்கிய தேயிலைப் பெட்டிகளுக்கான ஸ்டேஷன்கள். மனுஷர் ஏறி இறங்குவதை நினைத்து வைத்த பெயர்களே இல்லை.

பெயர் இங்கே இருக்கிறது, பொருள் எங்கே என்று தேடித்தான் மூணாறுக்குப் போனேன். நல்லதண்ணி எஸ்டேட்டில் கண்ணன் தேவன் கம்பெனியின் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது, 2005-லிருந்து. ரயில் மியூசியம் என்றால் நம் ஆட்கள் திருச்சி பொன்மலையைச் சொல்வார்கள், இல்லையென்றால் சென்னை ஐ.சி.எஃப். பழனிசெட்டிபட்டியில் இருக்கும் எனக்கு இவை இரண்டையும்விடப் பக்கம் நல்லதண்ணிதான். போடிமெட்டு ஏறி பூப்பாறை வழியாகப் போனால் காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்பிவிடலாம். ரயில் மியூசியம் என்று அதற்குப் பெயர் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து ரயில் கதையிலும் தொலைபேசிக் கதையிலும் மிஞ்சிய இரண்டு பொருட்கள் அங்கேதான் இருக்கின்றன: ஒரு ரயில் சக்கரம், ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பலகை. இந்தக் கட்டுரை அந்த இரண்டைப் பற்றியது. தேயிலை எப்படி வாடுகிறது, எப்படிச் சுருள்கிறது என்பதெல்லாம் அங்கேயே இயந்திரத்தை ஓட்டிக் காட்டுகிறார்கள், நன்றாகவே காட்டுகிறார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

சக்கரத்திலிருந்து தொடங்கலாம். குண்டளை பள்ளத்தாக்கு ரயில்வேயின் இன்ஜின் சக்கரம் அது. 1902-ல் அந்த ரயில் தொடங்கியபோது அதற்கு இன்ஜினே கிடையாது. ஒற்றைத் தண்டவாளம், இழுப்பது மாடு. யூவிங் முறை என்று அதற்குப் பெயர். பாரத்தில் பெரும்பகுதியை ஒரே தண்டவாளத்தின் மேல் ஓடும் சக்கரங்கள் தாங்கும். பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையின் மேல் உருண்டு, வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ளும். கேட்பதற்கு விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். மலைப்பாதையில் இரட்டைத் தண்டவாளம் போடச் செலவு அதிகம், சாலை ஏற்கெனவே இருக்கிறது, அதன் ஓரத்திலேயே ஒரு கம்பியைப் பதித்துவிட்டால் மாட்டு வண்டியைவிடப் பல மடங்கு பாரம் ஏற்றலாம் என்பது கணக்கு. இதே முறையில் பட்டியாலா சமஸ்தானத்தில் 1907-ல் ஒரு ரயில் ஓடியது. அதற்கு ஜெர்மனியிலிருந்து வாங்கிய நீராவி இன்ஜின் ஒன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. மூணாறில் முதலில் ஓடியது எந்த மாதிரி வண்டி என்று பார்க்க விரும்பும் தேனிக்காரர் டெல்லிக்குத்தான் போக வேண்டும். மூணாறு 1908-ல் ஒற்றைத் தண்டவாளத்தைக் கைவிட்டு, இரண்டடி அகலத்தில் சின்ன ரயில் பாதை போட்டுக்கொண்டது. மூணாறு, மாட்டுப்பெட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன். நல்லதண்ணியில் நாம் பார்ப்பது இந்த இரண்டாவது ரயிலின் மிச்சம்.

டாப் ஸ்டேஷனில் வந்து இறங்கும் பெட்டிகள் ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி. போடியிலிருந்து ரயிலில் துறைமுகம், துறைமுகத்திலிருந்து லண்டன். சுற்றுலாக் குறிப்பு, யூடியூப் வீடியோ, வாட்ஸப் ஃபார்வர்டு எல்லாவற்றிலும் இந்தச் சங்கிலி இப்படித்தான் வரும். கேட்க அழகாக இருக்கும். மலையில் ஒரு குட்டி ரயில், நடுவில் ஆகாயக் கம்பி, அடிவாரத்தில் ஒரு பெரிய ரயில்.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099-ல், மலையாளிகள் இன்றும் '99 வெள்ளம்' என்று சொல்லும் பெருமழையில் குண்டளை ரயில் அடித்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டவே இல்லை. மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது 1928-ல். நான்கு வருஷ வித்தியாசம். மேலே ரயில் இருந்தபோது கீழே ரயில் இல்லை. கீழே ரயில் வந்தபோது மேலே ரயில் இல்லை. அந்த இரண்டு ரயில்களும் ஒரு நாள்கூடச் சேர்ந்து ஓடியதில்லை. குட்டி ரயில் ஓடிய இருபத்திரண்டு வருஷமும், கொட்டகுடிக்குக் கீழே வந்த ஒவ்வொரு தேயிலைப் பெட்டியும் மாட்டு வண்டியில் போடியைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் ரயிலைப் பார்த்திருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் வண்டிக்காரர்கள்தான் அந்தச் சங்கிலியின் மிக நீளமான கண்ணி. அந்தக் கண்ணிக்குச் சக்கரம் இல்லையா? இருந்தது, மரச் சக்கரம். அது எந்த மியூசியத்திலும் இல்லை.

இதைத் தவறென்று நான் சொல்லவில்லை. ஒரு கம்பெனி தன் மியூசியத்தில் தன் சொத்தை வைக்கும், வண்டிக்காரனின் சொத்தை எங்கே போய்த் தேடும். எனக்குள்ள சிக்கல் வேறு. அருங்காட்சியக லேபிள் என்ற எழுத்து வகைக்கு ஒரு பழக்கம் உண்டு. 'எப்போது' என்பதைச் சொல்லும். 'எதுவரைக்கும்' என்பதைச் சொல்லாது. 1902 என்று போட்டால் போதும், நாம் 1902-லேயே இந்த மலைக்கு ரயில் வந்துவிட்டது என்று வியந்து நகர்ந்துவிடுவோம். எங்கிருந்து எங்கே வரை, யாரை ஏற்றாமல், எந்த இடத்தில் அறுந்துபோய் என்ற கேள்வி வராது. திருச்சியிலும் ஐ.சி.எஃப்.பிலும் இதே கதைதான். பெயின்ட் அடித்த இன்ஜின் நிற்கிறது, உற்பத்தியான வருஷம் இருக்கிறது, குழந்தைகளுக்கு ஒரு டாய் ரயில் ஓடுகிறது. இன்ஜின் எந்த லைனில் ஓடியது, எந்த ஊர் அதற்காகக் காத்திருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள நாம் வேறெங்கோ போக வேண்டும்.

போடி லைனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1928-ல் வந்தது என்பதில் எங்கள் ஊருக்குப் பெருமை உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது, 1942-ல், தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில்தான் திரும்பப் போட்டார்கள். பிறகு 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். தேனிக்கு ரயில் மறுபடி வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். மதுரையிலிருந்து போடி 90 கிலோமீட்டர்தான். அந்தத் தொண்ணூறு கிலோமீட்டருக்கு நூறு வருஷத்துக்குள் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரு வியாழ வட்டம், ரயில் இல்லாமல் இருந்திருக்கிறது. தேனியில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, படித்து முடித்து, கல்லூரியையும் எட்டிப்பிடித்துவிட்ட ஒரு பிள்ளை, உள்ளூரில் ரயிலைப் பார்க்காமலே வளர்ந்திருக்க முடியும். எங்கள் தெருவில் அப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1928 என்று ஒரு கல்லில் பொறித்தால் அந்தப் பிள்ளைகள் அதில் எங்கே?

சரி, இரண்டாவது பொருள். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். 1909-ஐச் சேர்ந்தது என்கிறார்கள். சுற்றுலாக் குறிப்புகளில் இதை 'இ.பி.ஏ.பி.எக்ஸ்' என்று எழுதியிருப்பார்கள், அது வேடிக்கை. அந்த முதல் 'இ' எலக்ட்ரானிக், 'ஏ' ஆட்டோமேட்டிக். 1909-ல் ஏது எலக்ட்ரானிக்? மனுஷர் உட்கார்ந்து கையால் இணைப்புக் கொடுத்த பலகை அது. அந்தக் காலத்துப் பலகைகள் வேலை செய்தது இப்படித்தான்: அந்த முனையில் ஒருவர் போனின் கைப்பிடியைச் சுற்றுவார். இந்த முனையில் பலகையில் அவருடைய எண்ணுக்கான சின்ன மூடி 'டக்'கென்று விழும். ஆபரேட்டர் ஒரு வயரை அவருடைய துளையில் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, மறுமுனையை அடுத்த துளையில் செருகுவார். கருப்பு வெள்ளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆபரேட்டர் நினைத்தால் எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்கலாம் என்பது தனி நாவலுக்கான விஷயம்.

சக்கரமும் பலகையும் ஒரே கூரையின் கீழ் இருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை. ரயிலும் கம்பியும் உலகம் முழுக்க ஜோடியாகவே போயிருக்கின்றன. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வராமல் இருக்க வேண்டுமானால், இந்த ஸ்டேஷன் அந்த ஸ்டேஷனோடு பேசியே ஆக வேண்டும். போடி லைன் போன்ற ஒற்றைப் பாதைகளில் ஸ்டேஷன் மாஸ்டர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு கனத்த பெட்டி இருக்கும். அடுத்த ஸ்டேஷன் ஒப்புக்கொண்டால்தான் அதிலிருந்து டோக்கன் வெளியே வரும், டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் நகர முடியாது. அதாவது ரயிலைப் பொறுத்தவரை, பேச்சு போய்ச் சேராத இடத்துக்கு வண்டி போகாது. மலைத் தோட்டத்தில் கதை தலைகீழ். அங்கே பேச்சு போய்ச் சேராத இடத்துக்கும் ஆட்கள் போனார்கள், போய் அங்கேயே குடியிருந்தார்கள்.

என்னோடு சித்தியும் வந்திருந்தார். மியூசியம் பார்க்கும் ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. பல வருஷம் விடிகாலை ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர், ஒரு தடவையாவது பஸ்ஸில் சீட்டில் உட்கார்ந்து போடிமெட்டு ஏற வேண்டும் என்று கிளம்பி வந்தார். சக்கரத்தை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பலகை முன்னால் நின்றுவிட்டார்.

"இதுல சுத்துனா யாருக்குப்பா கேக்கும்?"

"பங்களாவுக்கு, ஆபீசுக்கு, ஃபேக்டரிக்கு சித்தி."

"லயத்துக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. "எங்களுக்குக் கங்காணி சத்தம்தான் போனு" என்று சொல்லிவிட்டு அடுத்த கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விட்டார். அவர் வேலை பார்த்தது வேறு இடம், வேறு காலம், ஏலம். ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. அந்தப் பலகையில் எத்தனை துளை என்று எண்ணிப் பார்ப்பதைவிட, துளை இல்லாத இடம் எது என்று கேட்பதில்தான் வரலாறு தொடங்குகிறது. மரக் குளியல் தொட்டி, டைப்ரைட்டர், பங்களா நாற்காலிகள் எல்லாம் சுற்றிலும் இருக்கின்றன. அவற்றோடு சேர்த்துப் பார்த்தால் டெலிபோன் எந்த வீட்டுப் பொருள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் மேலிருந்து கீழே பேச விடிகாலையில் ஊதும் கொம்பும், அடிக்கும் தப்பும், பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் குரலும் இருந்தன. கீழிருந்து மேலே பேச என்ன இருந்தது? மலையிலிருந்து ஊருக்குப் பேச, எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து எழுதிய கடிதம் இருந்தது. ஊரிலிருந்து மலைக்குத் தந்தி வரும். தந்தி வந்தால் பிரித்துப் பார்க்கும் முன்னாலேயே அழுகை ஆரம்பித்துவிடும். 2013 ஜூலையில் தந்தி சேவையை மூடியபோது நகரத்தில் நினைவுக்காக வரிசையில் நின்று தந்தி கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துக் கிழவிகள் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

1909 என்ற எண்ணை என்னால் எளிதாகக் கடக்க முடியாததற்கு வேறொரு தேதி காரணம். 2020 ஆகஸ்ட் 6, ராத்திரி. ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில், இதே கம்பெனியின் தோட்டத்தில், மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கயத்தாறுப் பக்கத்தில் வேர் கொண்ட தமிழ்க் குடும்பங்கள். விடாத மழையில் மின்சாரம் போயிருந்தது, செல்போன் தொடர்பும் இல்லை. மலை சரிந்தது ராத்திரி. வெளியுலகத்துக்குச் செய்தி தெரிந்தது விடிந்த பிறகு. மூணாறு டவுனில் அன்றைக்கு எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், தூங்கியவர்கள் மேல் தப்பில்லை. சொல்வதற்கு ஒரு கம்பி இல்லை.

நிலச்சரிவுக்கும் ஒரு பழைய டெலிபோன் பலகைக்கும் முடிச்சுப் போடுவது உணர்ச்சிவசப்பட்ட வாதம் என்று சிலர் சொல்லலாம். பெருமழையில் கோபுரம் செயலிழப்பது எங்கேயும் நடக்கும். ஒப்புக்கொள்கிறேன். நான் காரணம் தேடவில்லை, வாசிப்பைப் பற்றிப் பேசுகிறேன். '1909-லேயே இங்கே தொலைபேசி இருந்தது' என்ற வாக்கியத்தை 2020-க்குப் பிறகு பழைய மாதிரி வாசிக்க முடியாது. அந்த 'இங்கே' எவ்வளவு சின்ன இடம் என்று பெட்டிமுடி காட்டிவிட்டது. நூற்றுப் பதினோரு வருஷத்தில் கம்பி எதுவரைக்கும் நீண்டது, எங்கே நின்றுவிட்டது என்று ஒரு வரைபடத்தைப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டினால் போதும். பெரிய செலவில்லை. அந்த மியூசியத்தில் நான் பார்க்க ஆசைப்படும் பொருள் அந்த வரைபடம்தான்.

கம்பெனி மியூசியம் வேறு எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு பதில். 2005-ல் டாடா டீயிடமிருந்து கைமாறியபோது தொழிலாளர்களுக்கும் பங்கு கொடுத்துத்தான் இன்றைய கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. காகிதத்தின்படி அந்தச் சக்கரத்திலும் பலகையிலும் கொழுந்து பறிப்பவருக்கும் ஒரு துண்டு உண்டு. அப்படியென்றால் அவர் வீட்டுச் சாமானுக்கும் அங்கே இடம் உண்டு.

இரண்டாவது, முன்னுதாரணம் இருக்கிறது. இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் இயந்திரங்களுக்கான தேயிலை அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. கம்பளைக்கு அருகே ஒரு தோட்டத்தில், பழைய லயன் அறைகளிலேயே, தோட்டத் தொழிலாளர்களுக்கென்று 2007-ல் வேறொரு அருங்காட்சியகம் தொடங்கினார்கள். நான் படங்களில் பார்த்ததுதான். அங்கே கட்டடமே முதல் காட்சிப்பொருள். ஓர் அறையில் ஒரு குடும்பம் எப்படி இருந்தது என்று லேபிள் எழுத வேண்டியதில்லை, தலை குனிந்து உள்ளே நுழைந்தாலே தெரிந்துவிடும்.

ரயிலையும் தகவல் தொடர்பையும் ஒரே பொருளில் பார்க்க ஆசையென்றால், இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய காலத்து 'டின் டிக்கெட்'டைத் தேடிப் பாருங்கள். ஒரு தகர வில்லை, அதில் தோட்டத்துக்கான குறியீடும் எண்ணும். கழுத்தில் கட்டிக்கொண்டு நம் ஊர்க்காரர்கள் ரயிலும் கப்பலும் ஏறினார்கள். அதுதான் அவர்களுக்கு டிக்கெட், அதுதான் விலாசம், வழியில் இருக்கும் அதிகாரிக்கு அதுதான் செய்தி. பிரயாணச் செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறி, பிறகு அவர்கள் தலையிலேயே கடனாக இறங்கியது. முன்னும் பின்னும் எதையும் விளக்காமல், ஆளையே பார்சலாக்கிய அந்த வில்லை ஒன்று போதும், எந்த இன்ஜினும் சொல்லாததைச் சொல்லிவிடும்.

தமிழில் இந்தக் காலி இடத்தை இதுவரை நிரப்பியது நாவல்தான். பி.எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ' இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆக வந்தபிறகுதான், வால்பாறைப் பக்கத் தோட்டத்துக்கு ஆட்கள் எப்படிப் போனார்கள் என்று என் வயதுக்காரர்கள் பலருக்குத் தெரிந்தது. பாலாவின் 'பரதேசி' அதிலிருந்து வந்த படம். ஆனால் நாவலின் மேல் இந்தச் சுமையை ஏற்றிவிட்டு நாம் சும்மா இருப்பதில் எனக்குச் சங்கடம் உண்டு. நாவலைப் பார்த்து "கதைதானே" என்று சொல்லி நகர்ந்துவிட வழி இருக்கிறது. பொருளைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது.

தேனியில் ரயிலுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இல்லை. வேண்டும் என்று கேட்டால், உடனே ஒரு நீராவி இன்ஜினைக் கொண்டுவந்து ஸ்டேஷன் வாசலில் நிறுத்திப் பெயின்ட் அடிப்பார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. எனக்கு வேண்டியது சின்னச் சாமான்கள். அட்டை டிக்கெட் ஒன்று, ஸ்டேஷனில் மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்டு அடித்த தண்டவாளத் துண்டு ஒன்று, வண்டி மாட்டின் லாடம் ஒன்று, ரயில் இல்லாத வருஷங்களில் மதுரைக்கும் தேனிக்கும் அலைந்தவர்களின் பஸ் டிக்கெட் கத்தை ஒன்று. ஏலத் தோட்டத்து ஜீப்பில் ஒரு ஜீப்பை அப்படியே, பின்னால் தொங்கிக்கொண்டு நிற்கும் படிக்கட்டோடு. அதன் பக்கத்தில் எத்தனை பேருக்கான வண்டி, எத்தனை பேர் போனார்கள் என்று இரண்டே இரண்டு எண்கள்.

நல்லதண்ணிக்குப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். நேரே போடிமெட்டு ஏறாமல், முதலில் போடி ஸ்டேஷனில் பத்து நிமிஷம் நில்லுங்கள். பிறகு கொட்டகுடி வரை போய், தேயிலைப் பெட்டிகள் கம்பியில் இறங்கிய மலையை அண்ணாந்து பாருங்கள். அடுத்த நாள் மூணாறு. மியூசியம் திங்கட்கிழமை விடுமுறை. சக்கரத்துக்குப் பக்கத்தில் கூட்டம் இருக்காது, எல்லோரும் டீ குடிக்கும் இடத்தில் இருப்பார்கள். சித்திக்கு அந்த டீ பிடிக்கவில்லை. தண்ணியாக இருக்கிறதாம்.